மசோதா வருகிறது, சங்கம் என்ன செய்வது? புதிய நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

தொழில் நடத்துகிறவர்களின் சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் முதலில் பழகுவது பொன்னாடையும் மனுவும்தான். எம்.பி. ஊருக்கு வருவார். பதினைந்து பேர் போய்ப் பொன்னாடை போர்த்தி, மனுவைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் கோவைப் பதிப்பில் செய்தியும் வரும். மசோதாவில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. 'சிறு தொழில்களைக் காக்க ஆவன செய்ய வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால், அவர்தான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மசோதாவின் எந்தக் கூறில் எந்தச் சொற்கள் இடிக்கின்றன, அவற்றுக்குப் பதிலாக எந்தச் சொற்கள் வேண்டும், அதனால் யாருக்கு எவ்வளவு கூடும் குறையும் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும். அது சரியான மேசைக்குச் சரியான வாரத்தில் போய்ச் சேர வேண்டும். கீழே இருப்பது அதற்கான வழி.

முதலில் கதவு எது என்று பாருங்கள்

"புதுசா சட்டம் வருதுங்க, சங்கம் சும்மா இருக்குதே" என்று உறுப்பினர் போன் செய்தால், அது உண்மையிலேயே மசோதாதானா என்று பார்ப்பது முதல் வேலை. நம் பக்கத்தில் சங்க அலுவலகத்துக்கு வருகிற புகார்களில் நிறைய, மசோதாவே இல்லாதவை.

பஞ்சு இறக்குமதி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பட்ஜெட்டில் வந்தது. கூடுதல் வரிகளோடு சேர்த்து 11 சதவீதம். 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கும், 2025 ஆகஸ்டில் மறுபடியும் அது விலக்கப்பட்டது. அந்த விலக்குகள் இரண்டுமே நிதி அமைச்சகத்தின் அறிவிக்கையால் வந்தவை, நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு எதுவும் நடக்கவில்லை. அங்கே பேச வேண்டியது ஜவுளி அமைச்சகத்தோடும் மறைமுக வரி வாரியத்தோடும்.

ஜிஎஸ்டி விகிதமும் அப்படித்தான். அது கவுன்சிலில் முடிவாகிறது. ஓட்டில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு; ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஜவுளிக்கு 5 சதவீதம் 12 ஆக உயர்வது 2022 ஜனவரி 1 முதல் என்று இருந்தது. பல மாநிலங்கள் எதிர்க்கவே, முந்தைய நாளான 2021 டிசம்பர் 31 அன்று கவுன்சில் கூடி அதை நிறுத்தி வைத்தது. அதே நாளில் வரவிருந்த காலணி வரி உயர்வு மட்டும் திட்டமிட்டபடி அமலுக்கு வந்தது. இந்த மாதிரி விஷயத்துக்கு தில்லிக்கு ரயில் ஏறும் முன் சென்னையில் வணிகவரித் துறையையும் மாநில நிதி அமைச்சரையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கவுன்சிலில் நம் நாற்காலியில் உட்காருகிறவர் மாநில அமைச்சர்.

மின் கட்டணம் என்றால் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசுவதும், தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபம் தருவதும்தான் அங்கே செல்லும்.

இவை எதிலும் சேராமல், சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ மசோதாவாக வரப்போகிறது என்று உறுதியானால் மட்டும் மேலே படியுங்கள்.

சென்னைக்கு ஒரு கணக்கு, தில்லிக்கு ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் மேலவை கிடையாது, 1986-ல் கலைக்கப்பட்டது. சட்டமுன்வடிவு பேரவையில் அறிமுகமாகி ஒரு சில நாட்களில் நிறைவேறிவிடும். மசோதாவை ஆராய உறுப்பினர்களைக் கொண்டு அமைக்கும் தெரிவுக்குழுவுக்குப் போவது அபூர்வம். ஆகவே மாநில மசோதாவில் சங்கத்துக்குக் கிடைக்கிற நேரம் முழுவதும் அறிமுகத்துக்கு முன்னால்தான்: துறைச் செயலகத்தில் வரைவு ஓடிக்கொண்டிருக்கும் மாதங்கள். துறைக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேரவை விவாதிக்கும் மானியக் கோரிக்கை நாளில் அமைச்சர் 'இதற்கான சட்டத் திருத்தம் கொண்டுவரப்படும்' என்று அறிவித்தால் அன்றைக்கே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த வாரமே துறையின் கூடுதல் செயலர், துணைச் செயலர் மட்டத்தில் குறிப்பைச் சேர்த்துவிடுங்கள். அமைச்சர் கையெழுத்துக்குப் போகிற கோப்பை எழுதுகிறவர்கள் அவர்கள்.

நிறைவேறிவிட்டது என்பதால் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். வேலை நேரத்தில் தொழிற்சாலைகளுக்கு விலக்குத் தர வழிசெய்த 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பேரவை ஏப்ரல் 21 அன்று குரல் ஓட்டில் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று நிறுத்தி வைப்பதாக அரசு சொன்னது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிலாளர் தொடர்பான எந்த மாற்றத்திலும் தொழிற்சங்கத் தலைவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசாத கோரிக்கைக்கு ஆயுள் பத்து நாள்.

தில்லியில் அவகாசம் கொஞ்சம் கூட. வரைவுச் சட்டங்களை 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. சட்டக் கட்டாயம் இல்லாததால் எல்லா அமைச்சகமும் கடைப்பிடிப்பதில்லை. அமைச்சகத்தின் இணையதளத்தில் வரைவு வந்தால் அதுதான் பொற்காலம். மசோதா அறிமுகமான பின் துறை சார்ந்த நிலைக்குழுவுக்கோ, தெரிவுக்குழுவுக்கோ, கூட்டுக்குழுவுக்கோ போனால் இன்னொரு வாய்ப்பு உண்டு. எந்தக் குழுவுக்கும் போகாத மசோதாக்களும் நிறைய. அப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு வாரம், சில சமயம் அதுவும் இல்லை.

மசோதாவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

மத்திய மசோதாவின் பின்பக்கத்தில் நோக்கக் காரண விளக்கம், நிதிக் குறிப்பு, ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் பற்றிய குறிப்பு என்று இணைப்புகள் இருக்கும். மூன்றாவதை முதலில் பாருங்கள். எந்தெந்தக் கூறின் கீழ் எதையெல்லாம் அரசு பிறகு விதியாக வகுத்துக்கொள்ளும் என்று அதில் வரிசையாக இருக்கும். உங்கள் வயிற்றில் புளி கரைக்கும் விஷயம் அந்தப் பட்டியலில் இருந்தால், மசோதாவோடு மல்லுக்கட்டாமல் விதிகள் வரும்வரை பலத்தைச் சேமிப்பது நல்லது.

அடுத்து முதல் கூறு. 'மத்திய அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கலாம்' என்று இருந்தால் அதன் அருமையை நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களிடம் கேளுங்கள். விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் போனால் பத்து ஆண்டு வரை சிறை என்ற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு 2023 டிசம்பரிலேயே நிறைவேறிவிட்டது. 2024 தொடக்கத்தில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். போக்குவரத்துச் சங்கத்தோடு பேசிய பிறகே அமலாக்குவோம் என்று உள்துறை சொன்னது. 2024 ஜூலை 1 அன்று மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இந்த ஒரு பிரிவை விட்டுவிட்டார்கள்.

மசோதா எந்த அவையில் தொடங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருப்பது காலாவதியாகும். மின்சாரச் சட்டத் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் அறிமுகமாகி நிலைக்குழுவுக்குப் போய், 2024-ல் அப்படியே செத்தது. மாநிலங்களவையில் தொடங்கி அங்கேயே நிற்பது சாகாது.

வெளியே போகுமுன் உள்ளே பேசி முடியுங்கள்

சங்கங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பஞ்சு வரி போனால் நூற்பாலைக்கு நல்லது, பருத்தி விவசாயிக்கு வருத்தம். நூல் ஏற்றுமதி கூடினால் மில்லுக்கு லாபம், பனியன் கம்பெனிக்கு நூல் விலை ஏறும். கோவை ஒரு மனு, திருப்பூர் அதற்கு நேரெதிராக ஒரு மனு என்று அமைச்சகத்துக்குப் போனால், 'தொழில்துறையில் ஒருமித்த கருத்து இல்லை' என்று கோப்பில் எழுதி மூடிவிடுவது அதிகாரிக்கு மிக எளிது.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2023 நிதிச் சட்டம் சேர்த்த 43பி(எச்) பிரிவு இதற்கு நல்ல பாடம். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் கொடுக்காமல் நிதியாண்டு முடிந்துவிட்டால், கொடுத்த பிறகுதான் அதைச் செலவாகக் காட்ட முடியும். ஜாப் ஒர்க் எடுக்கிற தையல் யூனிட்டுக்கும் பிரிண்டிங் பட்டறைக்கும் இது வரம். வட மாநில வியாபாரியிடம் மாதக்கணக்கில் கடன் நிற்கிற பனியன் உற்பத்தியாளருக்குச் சங்கடம். இரண்டு பேரும் ஒரே சங்கத்தில் உறுப்பினராக இருப்பார்கள், ஒரே கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிடுவார்கள்.

செயற்குழுவைக் கூட்டி, எதில் எல்லோருக்கும் உடன்பாடு, எதில் இல்லை என்று இரண்டு பட்டியல் போடுங்கள். உடன்பாடு இல்லாததில் சங்கம் வாய் திறக்கக் கூடாது. தீர்மானத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஒருவர் தனியாகப் போய் மாற்றிப் பேசினால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம். தென்னிந்திய மில்கள் சங்கம் 1933 முதலும், கோவை மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா 1969 முதலும், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990 முதலும் இருக்கின்றன. உங்கள் சங்கம் சிறியது என்றால் இந்தப் பெரிய சங்கங்களின் குறிப்பில் உங்கள் ஒரு பத்தியைச் சேர்க்கப் பாருங்கள். தனியாக லெட்டர் பேட் அடித்து அனுப்புவதைவிட அது தூரம் போகும்.

எண்கள்

பாதிப்பைக் காட்ட முப்பது யூனிட்டின் கணக்கு போதும்: சிறிதில் பத்து, நடுத்தரத்தில் பத்து, பெரிதில் பத்து. ஆடிட்டர்கள் வழியாக, நிறுவனப் பெயர் இல்லாமல் வாங்குங்கள். உறுப்பினரிடம் நேரடியாகக் கேட்டால் விற்றுமுதலைக் குறைத்தும் கஷ்டத்தைக் கூட்டியும் சொல்வார்கள், மனித இயல்பு.

கணக்கை ஊதிப் பெரிதாக்காதீர்கள். மேலே சொன்ன 43பி(எச்) விஷயத்தையே எடுப்போம். ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனத்தில் மார்ச் 31 அன்று கெடு தாண்டிய பில் 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது வருமானத்தில் சேரும். 30 சதவீத வரி 12 லட்சம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 12.48 லட்சம். 'ஒரு யூனிட்டுக்குப் பன்னிரண்டரை லட்சம் நஷ்டம்' என்று எழுதிக்கொண்டு போனால் அதிகாரி ஒரே நிமிடத்தில் மடக்குவார். அடுத்த ஆண்டு பணத்தைக் கொடுத்ததும் அதைக் கழித்துக்கொள்ளலாமே? உண்மையான சுமை அந்தப் பணம் ஓராண்டு முடங்குவதற்கான வட்டிதான். 12 சதவீதம் என்றால் சுமார் ஒன்றரை லட்சம். அந்த ஒன்றரை லட்சத்தையும், அது அந்த யூனிட்டின் லாபத்தில் எத்தனை பங்கு என்பதையும் எழுதினால் யாரும் மறுக்க முடியாது.

அரசுக்கு வருவாய் எவ்வளவு குறையும் என்றும் நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அவர்களாகவே ஒரு பெரிய எண்ணைப் போட்டுக்கொள்வார்கள்.

குறிப்பு எழுதும் முறை

மொத்தம் இரண்டு பக்கம், பின்னிணைப்பு தனி. முதல் பத்தியில் சங்கம் எது, எத்தனை உறுப்பினர், எத்தனை தொழிலாளர், எந்த மாவட்டங்கள். பிறகு மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை: மசோதாவில் உள்ள சொற்கள், வேண்டிய சொற்கள், காரணம். 'சிறைத் தண்டனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும்' என்பது புலம்பல். 'கூறு 12(3)-ல் "ஆறு மாதம் வரை சிறை அல்லது" என்ற சொற்களை நீக்க வேண்டும்' என்பது திருத்தம். கூடவே முன்னுதாரணம் காட்டுங்கள்: 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, பல சிறு குற்றங்களைச் சிறையிலிருந்து அபராதத்துக்கு மாற்றியது. ஏற்கெனவே ஒரு முறை செய்ததை மறுபடி செய்ய அதிகாரிக்குத் தைரியம் வரும்.

மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். பத்துக் கொடுத்தால் அவர்களுக்கு எளிதான மூன்றைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, 'சங்கத்தின் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று அறிவித்துவிடுவார்கள். 'ஓராண்டு தள்ளி அமலாக்குங்கள்', 'இத்தனை கோடி விற்றுமுதலுக்குக் கீழே விலக்குத் தாருங்கள்' போன்ற இறங்கிவரும் நிலைகள் மனதில் இருக்கட்டும். முதல் சந்திப்பிலேயே தாளில் எழுதிக் கொடுத்தால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

நாடாளுமன்றக் குழுவுக்கு ஆங்கிலம் அல்லது இந்தி. நம் எம்.பி.க்குத் தமிழில் ஒரே பக்கம், அவர் காரில் படிக்கிற மாதிரி.

யாரைப் பார்ப்பது, எப்படி

தொகுதி எல்லையைச் சரிபாருங்கள். திருப்பூர் மாவட்டத் தொழில் ஐந்து மக்களவைத் தொகுதிகளில் கிடக்கிறது. அவிநாசி நீலகிரியில், பல்லடம் கோவையில், காங்கயமும் தாராபுரமும் ஈரோட்டில், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியில், நகரின் வடக்கும் தெற்கும் திருப்பூரில். ஒரே ஒரு எம்.பி.யைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் மற்ற நால்வரை விட்டுவிடுகிறார்கள். அவரவர் தொகுதியில் தொழிற்சாலை உள்ள உறுப்பினரே அவரவர் எம்.பி.யைப் பார்க்கட்டும். தமிழகத்தின் 18 மாநிலங்களவை உறுப்பினர்களையும் மறக்க வேண்டாம். தொகுதி வேலை இல்லாததால் மசோதாவை உட்கார்ந்து படிக்க அவர்களில் சிலருக்கு நேரம் இருக்கும்.

மூன்று பேர் போங்கள். ஒருவர் பேச, ஒருவர் எண்களுக்குப் பதில் சொல்ல, ஒருவர் குறிப்பெடுக்க. பத்து நிமிடம். பி.ஏ.விடம் ஒரு பிரதி, மின்னஞ்சலில் திருத்தக்கூடிய கோப்பாக இன்னொன்று. எம்.பி.யின் பேச்சைத் தயாரிப்பது பெரும்பாலும் பி.ஏ.க்கள்தான். எம்.பி.யின் கட்சிக்கு இதில் ஏற்கெனவே ஒரு நிலைப்பாடு இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு போங்கள். திருப்பூர் தொகுதி 2019 முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிடம் இருக்கிறது. அங்கே முதலாளி தரப்பை மட்டும் பேசுகிற தொழிலாளர் மசோதாக் குறிப்பு எடுபடுமா என்று நீங்களே யோசியுங்கள்.

கேட்கக் கூடாதது ஒன்று: "எதிர்த்து ஓட்டுப் போடுங்க." இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் கட்சித் தாவல் சட்டத்தில் பதவியே போகும். கேட்க வேண்டியவை வேறு: அமைச்சருக்குக் கடிதம், விவாதத்தில் இரண்டு நிமிடம், எழுத்துமூலக் கேள்வி, திருத்த நோட்டீஸ். கேள்விக்கு முழுதாக 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மக்களவையில் திருத்த நோட்டீஸ் விவாதத்துக்கு ஒரு நாள் முன்பாவது சேர வேண்டும். தாமதமானால் எந்த உறுப்பினரும் ஆட்சேபிக்கலாம்.

இதில் ஒரு கசப்பான உண்மை உண்டு. தனி உறுப்பினரின் திருத்தம் அவையில் குரல் ஓட்டில் தோற்பதே வழக்கம். மசோதாவை உண்மையில் மாற்றுவது அமைச்சரே கொண்டுவரும் அரசுத் திருத்தம். ஆகவே எம்.பி. மூலம் தருகிற அழுத்தமும், அமைச்சகத்தின் இணைச் செயலரிடம் தருகிற வரைவும் ஒரே சொற்களில் இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறாக இருந்தால் இரண்டும் வீண்.

குழுவின் முன்னால்

துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21, மாநிலங்களவையினர் 10. இங்கே கொறடா உத்தரவு இல்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் மனம் விட்டுக் கேள்வி கேட்பார். குழு நாளிதழ்களிலும் இணையதளத்திலும் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். அவகாசம் பெரும்பாலும் 15 நாள். நேரில் சாட்சியம் அளிக்க விருப்பம் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதாவிட்டால் அழைப்பு வராது.

அனுப்பிய குறிப்பு குழுவின் ஆவணமாகிவிடும். அதைச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ பத்திரிகைக்குத் தருவதோ உரிமை மீறல். உற்சாகத்தில் இதைச் செய்கிறவர்கள் அதிகம். நேரில் பேசும்போது தெரியாததற்கு "எழுத்தில் அனுப்புகிறோம்" என்று சொல்லி, குழு சொல்லும் கெடுவுக்குள் அனுப்புங்கள்.

குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேலை செய்யும். 2025 பிப்ரவரியில் அறிமுகமான வருமான வரி மசோதா தெரிவுக்குழுவுக்குப் போய் ஜூலையில் அறிக்கை வந்தது. ஆகஸ்டில் அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்றுத் திருத்திய மசோதாவைக் கொண்டுவந்து நிறைவேற்றியது. உங்கள் கோரிக்கை பரிந்துரையில் விடுபட்டு, ஓர் உறுப்பினரின் மாறுபட்ட கருத்துக் குறிப்பில் இருந்தாலும் அதை எடுத்து வையுங்கள். அடுத்த திருத்தம் வரும்போது அதுவே ஆதாரம்.

தாண்டக் கூடாத கோடு

இந்தியாவில் இப்படி அணுகுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமோ பதிவோ கிடையாது. லஞ்சத்துக்கு உண்டு. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம், ஏழாண்டு வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் விலக்கு. பேச்சுக்கோ ஓட்டுக்கோ காசு வாங்கிய உறுப்பினருக்கு அவைப் பாதுகாப்பு இல்லை என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டதும் நினைவிருக்கட்டும்.

"தில்லியில் ஆள் இருக்குதுங்க, முடிஞ்சா மட்டும் பணம் குடுங்க" என்று வருகிற இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செல்வாக்கைக் காட்டி அரசு ஊழியரை வளைக்கப் பணம் வாங்குவது தனிக் குற்றம். குறைந்தது மூன்றாண்டு சிறை. வழக்கறிஞருக்கோ ஆய்வு செய்து தருகிறவருக்கோ பில் வாங்கிக் காசோலையில் கொடுங்கள். உறுப்பினர் நிறுவனம் கட்சிக்கு நன்கொடை தருவது அதன் இயக்குநர் குழுத் தீர்மானம், கணக்கில் வெளியீடு என்று கம்பெனிச் சட்டப்படி நடக்கட்டும். சங்கத்தின் மனுவோடு அதை ஒரே நாளில், ஒரே மேசையில் வைக்க வேண்டாம்.

சந்திப்புக்கெல்லாம் ஒரு பதிவேடு போடுங்கள்: தேதி, யார் போனது, யாரைப் பார்த்தது, எந்தத் தாள் கொடுத்தது, என்ன பதில். சங்கத் தேர்தலில் நிர்வாகிகள் மாறினாலும் அந்தப் பதிவேடு மாறக் கூடாது.

சட்டமான பிறகு

குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டதும் வரைவு விதிகள் அரசிதழில் வரும். ஆட்சேபத்துக்கு எத்தனை நாள் என்று அதிலேயே இருக்கும். 30 அல்லது 45 என்று பார்க்கலாம். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2019, 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்றுதான் அமலுக்கு வந்தன. தொழிலாளர் விஷயம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநில விதிகளும் தனியாக வரும். இந்த இடைவெளியில் பெரும்பாலான சங்கங்கள் தூங்கிவிடுகின்றன. படிவம் எத்தனை, பதிவேடு எத்தனை, கட்டணம் எவ்வளவு, எத்தனை பேருக்கு மேல் பொருந்தும் என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்படும். மத்திய, மாநில அரசிதழ்கள் இரண்டையும் வாரம் ஒரு முறை திறந்து பார்க்க அலுவலகத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை பார்த்து, திங்கள் காலை செயலாளருக்கு ஒரு வரியாவது எழுதட்டும், 'இந்த வாரம் ஒன்றுமில்லை' என்றாலும் சரி.